தலையணை வாங்கப் போன இன்டர்ன்: ஒரு வழக்கும் நாடக மாணவர்களுக்கு அதில் இருக்கும் ஏழு கேள்விகளும்

சம்பளம் கிடையாது, ஆனால் அனுபவம் கிடைக்கும், பெரிய ஆட்களின் அறிமுகம் கிடைக்கும், பயோடேட்டாவில் ஒரு வரி கூடும். நாடகமோ திரைப்படமோ படித்த எவருக்கும், இன்டர்ன்ஷிப் என்ற பயிற்சி வேலைக்கு ஆள் கூப்பிடும் இந்தப் பேச்சு புதிதில்லை. கேட்கிற நேரத்தில் நியாயமாகத்தான் படும், ஏனென்றால் படிப்பு முடிகிற சமயத்தில் நமக்கு வேண்டியதும் கிட்டத்தட்ட அதுதான். அந்தக் கொடுக்கல் வாங்கலில் யார் கொடுத்தார்கள், யாருக்கு அதிகம் போய்ச் சேர்ந்தது என்று நீதிமன்றத்தில் வைத்து வருடக்கணக்கில் தோண்டிய வழக்கு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. கிளாட் எதிர் ஃபாக்ஸ் சர்ச்லைட் பிக்சர்ஸ் என்று பெயர், ஃபாக்ஸ் சர்ச்லைட் அப்போது ஃபாக்ஸ் சினிமாக் குழுமத்தில் இருந்த கம்பெனி. அது சினிமா வழக்கு, மேடை வழக்கு இல்லை. ஆனாலும் நாடக மாணவர்கள் படிக்க வேண்டியது என்று நான் நினைக்கிறேன், ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

என்ன நடந்தது

2009 கடைசியில் நியூயார்க்கில் 'பிளாக் ஸ்வான்' படத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. டாரன் அரனாஃப்ஸ்கி இயக்கம், ஏறக்குறைய 13 மில்லியன் டாலர் செலவு, 2010-ல் வெளியாகி உலகம் முழுக்க 300 மில்லியனுக்கு மேல் வசூல். நாயகிக்கு ஆஸ்கார் கிடைத்தது. அந்தப் படத்தின் அலுவலகத்தில் எரிக் கிளாட், அலெக்சாண்டர் ஃபுட்மன் என்று இரண்டு பேர் சம்பளமில்லாத இன்டர்ன்களாக இருந்தார்கள்.

கிளாட் சின்னப் பையன் இல்லை. எம்.பி.ஏ. முடித்து வேலை பார்த்துவிட்டு, சினிமாப் பக்கம் திரும்பலாம் என்று வந்தவர். அவரைக் கணக்குப் பிரிவில் போட்டார்கள். ஜெராக்ஸ், ஸ்கேன், கோப்பில் சேர்ப்பது, பர்சேஸ் ஆர்டர்களைக் கவனிப்பது, படப்பிடிப்பு இடத்துக்கும் அலுவலகத்துக்கும் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைவது, ஊழியர்களின் விவரக் கோப்புகளைப் பார்த்துக்கொள்வது. டிசம்பர் தொடங்கி பிப்ரவரி முடியும்வரை, வாரத்துக்கு ஐந்து நாள், ஏறக்குறைய காலை 9-லிருந்து இரவு 7 வரை. அது முடிந்ததும் படத்தின் பிந்தைய தயாரிப்புப் பிரிவில் இன்னொரு இன்டர்ன்ஷிப், வாரம் இரண்டு நாள். அங்கே போனால் எடிட்டிங் பார்க்கலாம் என்றுதானே யாரும் நினைப்போம். அவர் செய்ததாகத் தீர்ப்பில் பதிவாகியிருப்பது இது: தபால்களுக்கு முகப்புக் கடிதம் எழுதினார், அலமாரியில் கோப்புகளை ஒழுங்குபடுத்தினார், வெளியிலிருந்து சாப்பாடு வரவழைக்கும் மெனு அட்டைகளைப் புதுப்பித்து அடுக்கி வைத்தார். ஒருநாள் இயக்குநருக்கு அலர்ஜி வராத தலையணை ஒன்று வாங்கி வரப் போனார்.

ஃபுட்மன் சினிமாப் படிப்பு முடித்துவிட்டு வந்தவர், தயாரிப்பு அலுவலகத்தில் இருந்தார். அவர் பார்த்த வேலைகளின் பட்டியல் மேல்முறையீட்டுத் தீர்ப்பில் மூச்சுவிடாமல் நீண்டுகொண்டே போகிறது. மேஜை நாற்காலி கொண்டுவந்து போடுவது, குழுவினருக்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்வது, குப்பை எடுத்துப் போடுவது, மதியச் சாப்பாட்டுக்கு ஆர்டர் எடுப்பது, போன் எடுப்பது, திரைக்கதைப் பிரதிகளில் வாட்டர்மார்க் போடுவது, யார் எத்தனை மணிக்கு எங்கே வர வேண்டும் என்று சொல்லும் தினசரி அழைப்புப் பட்டியலின் வரைவைத் தயார் செய்வது, காபி போடுவது, எல்லாம் முடிந்த பிறகு அதே மேஜை நாற்காலிகளைக் கழற்றி விற்பது. இயக்குநருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்ததும், அவர் வீட்டில் படக் காட்சிகள் அடங்கிய டிவிடி ஒன்றைச் சேர்த்துவிட்டு வந்ததும் அதில் உண்டு.

இந்தப் பட்டியலைப் படித்ததும் சிரிப்பு வரும், கொஞ்சம் கோபமும் வரும். ஆனால் எடுபிடி வேலை கேவலம் என்று யாரும் வழக்குப் போடவில்லை. எந்தத் தயாரிப்பு அலுவலகத்திலும் புதிதாகச் சேர்கிறவர் செய்கிற வேலைதான் இவ்வளவும், சம்பளம் வாங்குகிற உதவியாளரும் இதைத்தான் செய்கிறார். அழைப்புப் பட்டியல் தயாரிக்கத் தெரிந்தால் அது உண்மையிலேயே ஒரு கைத்தொழில். வழக்கின் கேள்வி வேறு: அதே வேலையைச் செய்த ஒருவருக்குக் கூலி, இன்னொருவருக்கு அனுபவம் மட்டும் என்றால், அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

2011 செப்டம்பரில் மன்ஹாட்டனில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் பதிவானது. பின்னால் இன்னொரு பெண்ணும் சேர்ந்தார், அவர் படத்தில் இல்லை, ஃபாக்ஸின் நியூயார்க் அலுவலகத்தில் விளம்பரப் பிரிவில் இன்டர்னாக இருந்தவர். பணம் என்று பார்த்தால் ஒன்றும் பெரிதில்லை. அப்போது கூட்டாட்சிச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். கிளாட்டின் முதல் மூன்று மாதத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் செய்ததற்கு ஒன்றரை மடங்கு சேர்த்தாலும், ஏறக்குறைய 5,000 டாலர்தான் வரும். 300 மில்லியன் வசூலித்த படம்! ஆனால் ஃபாக்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை, காரணமும் புரிகிறது. இந்த இரண்டு பேருக்குக் கொடுத்தால் எல்லா இன்டர்ன்களுக்கும் கொடுக்க வேண்டும், ஃபாக்ஸ் மட்டுமில்லை, பத்திரிகை, தொலைக்காட்சி, ஃபேஷன் என்று மொத்தத் துறையும் கொடுக்க வேண்டும்.

ஃபாக்ஸ் முதலில் வைத்த வாதங்களில் ஒன்று நாடகக்காரர்கள் கவனிக்க வேண்டியது. இவர்கள் எங்கள் ஆட்களே இல்லை என்றது. படத்துக்கென்றே தொடங்கிய தனிக் கம்பெனி ஒன்று இருந்தது, 'லேக் ஆஃப் டியர்ஸ்' என்று பெயர், இன்டர்ன்கள் அதில்தான் இருந்தார்கள் என்பது வாதம். பணம் போட்டது, கட்டுப்பாடு வைத்திருந்தது ஃபாக்ஸ் சர்ச்லைட் என்பதால் அதுவும் முதலாளிதான் என்று நீதிபதி சொல்லிவிட்டார். இரண்டு குழுக்கள் சேர்ந்து தயாரிக்கிற நாடகத்தில், விழாவும் கல்லூரியும் சேர்ந்து நடத்துகிற பயிற்சியில், உங்களுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இப்படித்தான் நழுவிப் போகும். அடிபட்டால் யாரிடம் போவது என்பது அதில் முதல் கேள்வி.

முதல் தீர்ப்பு

2013 ஜூன் 11 அன்று நீதிபதி வில்லியம் பாலி தீர்ப்புச் சொன்னார்: கிளாட்டும் ஃபுட்மனும் ஊழியர்கள்தான், கூலி கொடுத்திருக்க வேண்டும்.

அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் அமெரிக்கத் தொழிலாளர் துறை 2010-ல் வெளியிட்ட ஆறு நிபந்தனைகள். அந்த ஆறுக்கும் வேர் 1947-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அது ரயில்வே வழக்கு. ரயில் யார்டில் பெட்டிகளின் பிரேக்கைக் கவனிக்கும் பிரேக்மேன் வேலைக்கு ஆள் எடுக்கும் முன் ஒரு வாரம் போலப் பயிற்சி கொடுப்பார்கள், கூலி கிடையாது. பயிற்சிக்கு வந்தவர் வேலையை இழுத்துப் போட்டுச் செய்யவில்லை, அனுபவமுள்ள தொழிலாளி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டார், சொல்லப்போனால் பயிற்சியால் ரயில்வேக்கு வேலை தாமதம்தான் ஆனது. அதனால் அவர்கள் ஊழியர்கள் இல்லை என்றது நீதிமன்றம். இதிலிருந்து தொழிலாளர் துறை எடுத்துக்கொண்டவற்றில் மிகக் கறாரான நிபந்தனை, பயிற்சி தருகிறவருக்கு உடனடி லாபம் எதுவும் இருக்கக் கூடாது என்பது.

பாலியின் தர்க்கம் எளிமையானது. ஃபுட்மன் இந்த வேலைகளைச் சும்மா செய்யாமல் இருந்திருந்தால் காசு கொடுத்து ஒருவரை வைத்திருக்க வேண்டும். கற்றது என்ன என்று பார்த்தால், பயோடேட்டா வரி, சிபாரிசு, தயாரிப்பு அலுவலகம் எப்படி நடக்கிறது என்ற அறிவு. இதெல்லாம் கிடைத்தது உண்மைதான், ஆனால் அங்கே வேலை பார்க்கிற எவருக்கும் தானாகக் கிடைக்கும், இன்டர்னுக்கென்று யாரும் திட்டமிட்டுக் கொடுக்கவில்லை. எனக்கு இந்த வழக்கு முழுவதிலும் மிகப் பயனுள்ள பகுதி இதுதான். உங்களுக்குக் கிடைக்கப்போகிற அனுபவத்தை யாராவது யோசித்து அமைத்திருக்கிறார்களா, அல்லது கட்டடத்துக்குள் இருந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்களா?

தீர்ப்பு வந்ததும் துறை ஆடிப்போனது. ஒரு பிரபலத் தொலைக்காட்சிப் பேட்டி நிகழ்ச்சி ஏற்கெனவே 2012-ல் தன் இன்டர்ன்களோடு சமரசம் செய்திருந்தது. இப்போது கான்டே நாஸ்ட் பத்திரிகைக் குழுமம் 2013-லேயே இன்டர்ன்ஷிப்பை மூட்டை கட்டியது, அடுத்த வருடம் 5.8 மில்லியன் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. என்பிசி யுனிவர்சல் தொலைக்காட்சி நிறுவனம் 6.4 மில்லியன். மூட்டை கட்டியதில் ஒரு சிக்கல் இருக்கிறது, சொல்லியாக வேண்டும்: கூலி கேட்டவர்களுக்குப் பின்னால் வந்த மாணவர்களுக்கு அந்த வாசலே இல்லாமல் போனது. இதைக் காட்டி 'பார்த்தீர்களா, கேட்டதால்தான் போச்சு' என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்த வாசல் ஏற்கெனவே யாருக்குத் திறந்திருந்தது என்பதை அவர்கள் கேட்பதில்லை. மூன்று மாதம் நியூயார்க்கில் வாடகை கட்டிக்கொண்டு சும்மா வேலை பார்க்க வீட்டில் வசதி வேண்டும்.

மேல்முறையீடு, ஏழு கேள்விகள்

2015 ஜூலையில், நியூயார்க் அடங்கிய பகுதிக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் பாலியின் தீர்ப்பை ரத்து செய்தது. ஆறு நிபந்தனைகளும் ஒரு ரயில்வே வழக்கின் தனிப்பட்ட சூழலை அப்படியே பிடித்துக்கொண்டு செய்தவை, இன்றைய இன்டர்ன்ஷிப்புக்கு அவை இறுக்கமானவை என்றது. அதற்குப் பதிலாக ஒரே கேள்வியை வைத்தது: இந்த உறவில் முதன்மையாகப் பயனடைகிறவர் யார், இன்டர்னா, நிறுவனமா? அதை எடைபோட ஏழு விஷயங்களைச் சொன்னது, இவை மட்டுமே என்றில்லை, எதற்கு எவ்வளவு எடை என்பதும் வழக்கைப் பொறுத்தது. 2018 ஜனவரியில் தொழிலாளர் துறையும் தன் ஆறு நிபந்தனைகளை விட்டுவிட்டு இதற்கே மாறியது.

ஏழையும் ஒரே சீராக விளக்கப்போவதில்லை, ஏனென்றால் அவை ஒரே சீரான எடை உள்ளவை இல்லை. கூலி கிடையாது என்று இரு தரப்புக்கும் தெளிவாகத் தெரியுமா என்பது ஒன்று, முடிந்ததும் வேலை தருவதாக வாக்குறுதி எதுவும் இல்லை என்று தெரியுமா என்பது இன்னொன்று. இந்த இரண்டும் ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும். கடிதத்தின் முதல் பத்தியிலேயே நிறுவனம் இவற்றை எழுதிவிடும், நீங்களும் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். பயனடைகிறவர் யார் என்ற கேள்விக்கு இதில் என்ன பதில் இருக்கிறது? ஒன்றுமில்லை. நீதிமன்றம் இவற்றை ஏன் சேர்த்தது என்று சட்டம் தெரிந்தவர்கள் விளக்குவார்கள், மாணவருக்கு இவை காகிதப் பாதுகாப்பு மட்டும், அதுவும் எதிர்த்தரப்புக்கு.

அடுத்த மூன்று படிப்பைப் பற்றியவை. கல்விச் சூழலில் கிடைப்பது போன்ற பயிற்சி உண்டா, உங்கள் பாடத்திட்டத்தோடோ பட்டத்துக்குக் கணக்கில் வரும் கிரெடிட்டோடோ பிணைந்திருக்கிறதா, கல்லூரி நாள்காட்டியை அனுசரிக்கிறதா. இந்த நீதிமன்றம் கல்வியோடு இருக்கும் பிணைப்புக்கு நல்ல எடை கொடுத்தது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நடைமுறையில் ஒரு கோணல் உண்டு. கிரெடிட்டுக்குக் கல்லூரி கட்டணம் வாங்குகிறது என்றால், மாணவர் காசு கொடுத்துவிட்டு இன்னொருவரிடம் சும்மா வேலை பார்க்கிறார். கிரெடிட் இருப்பதாலேயே படிப்பு நடந்துவிட்டதாகவும் ஆகாது, வருடக் கடைசியில் ஒரு பக்க அறிக்கையில் கையெழுத்து வாங்குவதோடு நிறைய இடங்களில் முடிந்துவிடுகிறது. ஆசிரியர் ஒருவராவது நடுவில் வந்து ஒத்திகையைப் பார்க்கிறாரா என்று கேளுங்கள், அதில் தெரிந்துவிடும்.

என் வரிசையில் ஆறாவது, காலம். கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும்வரைதான் நீள வேண்டும். கிளாட்டைப் பாருங்கள், மெனு அட்டை அடுக்குவதைக் கற்க எத்தனை மாதம் வேண்டும்?

ஏழாவதுதான் உயிர்நிலை. இன்டர்னின் வேலை, சம்பளக்காரர்களின் வேலைக்குத் துணையாக இருக்கிறதா, அல்லது அவர்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறதா, கூடவே இன்டர்னுக்குக் குறிப்பிடும்படியான கல்விப் பயன் உண்டா. அதாவது, நாளைக்கு நீங்கள் வராவிட்டால் என்ன ஆகும். நாடகம் நின்றுவிடும், வேறு ஆள் பிடிக்க ஓடுவார்கள் என்றால் தராசு ஊழியர் பக்கம் சாயும். ஒன்றும் ஆகாது, இன்று கற்றுக்கொடுக்க வேண்டியது நாளைக்குத் தள்ளிப்போகும் என்றால் மாணவர் பக்கம். பெருமைக்காகச் சொல்கிற 'நான் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது' என்பது சட்டத்தின் கண்ணில் கூலி பாக்கியாக மாறலாம்.

வழக்கு என்ன ஆனது? மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: யாருக்குப் பயன் என்பதை ஒவ்வொரு இன்டர்னுக்கும் தனியாகப் பார்க்க வேண்டும் என்றால், எல்லோரும் சேர்ந்து கூட்டு வழக்குப் போடுவது கடினமாகிறது. தனியாக ஒருவர் சில ஆயிரம் டாலருக்காக வக்கீல் வைக்க மாட்டார். எனவே தீர்ப்பின் உண்மையான விளைவு அங்கேதான் இருக்கிறது. 2016-ல் சமரசம் ஆனது. கிளாட்டுக்கு 7,500 டாலர், ஃபுட்மனுக்கு 6,000, மற்ற இன்டர்ன்களுக்கு ஆளுக்கு 495 டாலர் அளவில். கிளாட் இதற்கிடையில் ஜார்ஜ்டவுனில் சட்டம் படிக்கச் சேர்ந்துவிட்டார். கற்றல் நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது போலிருக்கிறது.

மேடைக்கு வந்தால்

இப்போது ஆரம்பத்தில் பாக்கி வைத்த 'ஏன்' என்பதற்கு வருகிறேன். இந்த ஏழு விஷயங்களும் லாப நோக்குள்ள நிறுவனங்களுக்குத்தான். அமெரிக்காவில் பிராட்வேயை, அதாவது நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகளை, விட்டு வெளியே வந்தால், பெயர் பெற்ற வட்டார நாடக அரங்குகள், கோடை விழாக்கள், சின்னக் குழுக்கள் எல்லாம் பெரும்பாலும் லாப நோக்கற்ற அமைப்புகள். அவற்றில் கூலி எதிர்பார்க்காமல் மனமுவந்து வருகிற இன்டர்னுக்குச் சம்பளம் தராதது பொதுவாக அனுமதிக்கப்பட்டதே என்கிறது தொழிலாளர் துறை. ஆக நாடக மாணவர் போய் நிற்கிற இடத்தில் இந்த வழக்கு அவருக்குக் கேடயமாக வராது. மாநிலச் சட்டங்கள் சில இடங்களில் கறாராக இருக்கலாம், அது வேறு. ஆனால் சட்டம் கேட்காத இடத்தில் அந்தக் கேள்விகளை மாணவரே கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்காமல் விட்டால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மாசசூசெட்ஸில் உள்ள வில்லியம்ஸ்டவுன் நாடக விழா ஒரு உதாரணம். 1950-களில் தொடங்கியது, கோடையில் ஒரு கல்லூரி வளாகத்தில் நடந்துவந்தது, 2002-ல் வட்டார அரங்குக்கான டோனி விருது, அமெரிக்க மேடையின் பெரிய விருது, வாங்கியது. பின்னாளில் பெயர் பெற்ற கலைஞர்கள் பலர் இளமையில் அங்கே பயிற்சி பெற்றவர்கள். அந்தப் பயிற்சிக்குச் சம்பளம் இல்லை என்பதோடு, பயிற்சி மாணவர்கள் ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் கட்டிச் சேர வேண்டியிருந்தது. வகுப்புகள் இருந்தன, கூடவே செட் போடும் வேலை, விளக்கு, ஒலி, மேடைப் பின்புற வேலை எல்லாம் இருந்தன. கோடைவிழாவில் ஒரு நாடகம் சில நாட்களே ஓடும், ஒன்றின் செட்டை இறக்கி அடுத்ததை ஏற்றுவது இராத்திரியில் நடக்கும். யார் ஏற்றுவார்கள்? இளைஞர்கள்தான்.

2021-ன் தொடக்கத்தில் முன்னாள் பயிற்சியாளர்களும் ஊழியர்களுமாக எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார்கள். நீண்ட வேலை நேரம், பாதுகாப்பு இல்லாத சூழல், காயங்கள் பற்றியெல்லாம் புகார். அந்த வருடக் கோடையில் கொரோனா காரணமாக நாடகங்கள் திறந்தவெளியில் நடந்தன, ஒரு இசை நாடகத்தின் ஒத்திகையில் மழைக்கு நடுவே மின்கருவிகளோடு வேலை செய்ய வேண்டிய நிலையில் ஒலிக் குழுவினர் வேலையை விட்டு வெளியேறினார்கள். செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் விரிவான புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது. அடுத்த மாதம் கலை இயக்குநர் பதவி விலகினார். அதற்கடுத்த சீசனில் விழா நாடகங்களைக் குறைத்துக்கொண்டது, பயிற்சித் திட்டத்தையும் நிறுத்தியது.

நாடகங்களைக் குறைத்துக்கொண்டது என்பதை இன்னொரு முறை படியுங்கள். சும்மா கிடைத்த கைகள் போனதும் அத்தனை நாடகம் போட முடியவில்லை. எந்த நீதிமன்றமும் தலையிடாமலே ஏழாவது கேள்விக்குப் பதில் தானாக வெளியே வந்துவிட்டது: அந்தக் கைகள் துணைக்கு இருந்தவை இல்லை, விழாவே அவற்றின் மேல்தான் நின்றது.

அங்கே போன எல்லோரும் ஏமாந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கோடைகளை வாழ்நாள் பொக்கிஷமாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது பொய் இல்லை. நாடகத்தில் அது ஒரு வினோதம்தான், உழைத்துக் களைத்த இரவில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு செட்டை நிமிர்த்தும்போது வருகிற நெருக்கம் சம்பளச் சீட்டில் வராது. ஆனால் அந்த நெருக்கத்தைக் காட்டித்தான் அடுத்த வருட ஆட்களை அழைக்கிறார்கள், அதுவும் உண்மை.

இன்னொரு ஈர்ப்பு சங்கத்தில் சேரும் வழி. அமெரிக்காவில் நடிகர்களுக்கும் மேடை நிர்வாகிகளுக்குமான சங்கம் ஆக்டர்ஸ் ஈக்விட்டி. சங்கத்தோடு ஒப்பந்தம் உள்ள அரங்கில் பயிற்சியாளராக வேலை பார்த்த வாரங்களைச் சேர்த்துச் சேர்த்து உறுப்பினராகும் ஏற்பாடு ஒன்று பல வருடம் இருந்தது, குறைந்த கூலிக்கும் கூலி இல்லாமலும் பலர் போனதற்கு இந்த வாரக் கணக்கும் காரணம். 2021-ல் ஈக்விட்டி தன் வாசலை அகலத் திறந்தது, நடிப்பிலோ மேடை நிர்வாகத்திலோ தொழில்முறையில் வேலை பார்த்ததைக் காட்டினால் சேரலாம் என்றது. அதோடு அந்த வாரங்களுக்கு இருந்த மவுசு குறைந்தது. சங்கத்தில் இருப்பவருக்கு ஓய்வு நேரம், ஒரு நாளைக்கு இவ்வளவு மணி நேரம் என்ற வரம்பு உண்டு, விளக்கு, ஒலி எல்லாம் சேர்த்துப் பார்க்கும் தொழில்நுட்ப ஒத்திகை நாட்களில்கூட. அதே அறையில் உட்கார்ந்திருக்கிற இன்டர்னுக்கு அந்த விதி பொருந்தாது. நடிகர்கள் வீட்டுக்குப் போன பிறகும் இன்டர்ன் இருப்பதற்கு அதுதான் காரணம்.

கூலியைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. நியூயார்க்கில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தில் இன்டர்னாக இருந்த பெண் பாலியல் தொல்லை குறித்துத் தொடுத்த வழக்கில், சம்பளம் பெறாதவர் ஊழியர் இல்லை, எனவே நகரத்தின் மனித உரிமைச் சட்டத்தில் அந்தப் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது என்று 2013-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2014-ல் நகரமும் மாநிலமும் சட்டத்தைத் திருத்தி இன்டர்ன்களைச் சேர்த்தன. திருத்தாத இடங்களில் என்ன நிலைமை என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒத்திகை அறை உடல் நெருக்கம் உள்ள இடம், அதிகாரம் முழுக்க இயக்குநரிடம் இருக்கும் இடம், எனவே புகார் என்றால் யாரிடம் சொல்வது என்பது சம்பளக் கேள்விக்கு முன்னாலேயே வர வேண்டியது.

நல்ல இன்டர்ன்ஷிப் எப்படி இருக்கும்

மேடை நிர்வாகத்தை எடுத்துக்கொள்கிறேன், கற்பிக்கிறார்களா இல்லையா என்பது அங்கே கண்ணுக்குத் தெரியும். மேடை நிர்வாகியிடம் பிராம்ப்ட் புக் என்று ஒரு தடிமனான கோப்பு இருக்கும். ஒரு பக்கம் நாடகப் பிரதி, எதிர்ப் பக்கத்தில் நடிகர்களின் நகர்வு, எல்லாம் பென்சிலில், ஏனென்றால் இன்று இடமிருந்து வருகிறவர் நாளைக்கு வலமிருந்து வருவார். விளிம்பில் விளக்கு, ஒலிக் கியூக்கள், அதாவது அவை மாற வேண்டிய தருணங்கள், எண் போட்டு, எந்தச் சொல்லில் விழ வேண்டுமோ அந்தச் சொல்லுக்கு நேராகக் கோடு இழுத்து. நாடகம் ஓடும்போது ஹெட்செட்டில் குரல் போகும்: 'விளக்கு 42 ஸ்டாண்ட்பை.' விளக்குக்காரர் பதில் சொல்வார். அப்புறம் அமைதி. நடிகை திரும்புகிறாள், திரும்பி முடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், 'விளக்கு 42, கோ.' முன்னால் சொன்னால்தான் வெளிச்சம் மாறி முடிகிற நேரமும் அவள் முகம் நிமிர்கிற நேரமும் ஒன்றாக இருக்கும். அந்த 'கோ' என்ற சொல்லை ஹெட்செட்டில் வேறு எதற்கும் உச்சரிக்கக் கூடாது, பேச்சுவாக்கில் சொன்னால்கூட யாராவது பட்டனை அழுத்திவிடுவார்கள்.

இந்த 'கொஞ்சம் முன்னால்' என்பது எவ்வளவு என்பதைப் புத்தகத்தில் படிக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து கோப்பைப் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும், பிறகு நகர்வுகளை நீங்களே குறிக்க வேண்டும், நடிகர் வசனம் தவறவிட்ட இடங்களை எழுதிக் கொடுக்க வேண்டும், கடைசியில் ஒரு ஒத்திகையிலாவது பார்வையாளர் இல்லாத நேரத்தில் நீங்கள் கியூ சொல்லிப் பார்க்க வேண்டும், தப்பும் செய்ய வேண்டும். இதற்கு மேடை நிர்வாகியின் நேரம் செலவாகும், குழுவின் வேலை சற்று மெதுவாகும். 1947 ரயில்வே வழக்கில் வந்த பயிற்சியில் நடந்தது இதுதான். கற்பிக்கிற இடத்தில் வேலை தாமதமாகும், வேறு வழியில்லை. நீங்கள் சேர்ந்த நாளிலிருந்தே குழுவுக்கு எல்லாம் சுலபமாகிவிட்டது என்றால் உங்களை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் காபி வாங்கக் கூடாதா என்றால், தாராளமாக வாங்கலாம், எல்லோரும் எல்லோருக்கும் வாங்குகிற அறையில். ஹெட்செட்டில் உட்கார வேண்டிய நேரத்தில் வாங்கப் போனால்தான் பிரச்சினை. தொழில்நுட்ப ஒத்திகை ஆரம்பிக்கும்போது இன்டர்னைக் கடைக்கு அனுப்புகிற குழுவும் உண்டு, மூன்று மாதத்தில் கற்க வேண்டியதில் பாதி அந்த இரண்டு மூன்று நாளில்தான் நடக்கும் என்பது தெரிந்தும்.

சேரும் முன் மின்னஞ்சலில் கேளுங்கள், நேரில் கேட்டால் எல்லாவற்றுக்கும் 'பார்த்துக்கலாம்' என்பதுதான் பதிலாக வரும். எந்தப் பிரிவு, யாருக்குக் கீழே, எந்தத் தேதியில் முடிகிறது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், தொழில்நுட்ப ஒத்திகையில் நான் எங்கே இருப்பேன், போன முறை இன்டர்னாக இருந்தவரோடு பேசலாமா, அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது. போன முறை இருந்தவரோடு பேச விடத் தயங்கினால் மற்ற கேள்விகளுக்கு வந்த பதில்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். கலை இயக்குநர் அலுவலகம், நன்கொடை திரட்டும் பிரிவு, விளம்பரப் பிரிவு என்று மேஜை வேலை தருகிறார்கள் என்றால் அது தாழ்வில்லை, அரங்கு நிர்வாகத்தில் வேலை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் நடிப்புப் பயிற்சி என்று அழைத்துவிட்டு மேஜையில் போட்டால் அன்றே பேச வேண்டும்.

பதில்கள் அரைகுறையாக இருந்தும் அந்தக் குழுவோடு இருக்க வேண்டும் என்ற ஆசை விடவில்லையா, சரி, நாட்களைக் குறைத்துக் கேளுங்கள். ஃபுட்மனே தொடக்கத்தில் வாரம் ஐந்து நாள் போனவர், பின்னால் மூன்று நாள்தான் போனார். வாரம் மூன்று நாள், அதிலும் ஒத்திகை நடக்கிற நாட்கள் மட்டும், முடியும் தேதி கடிதத்தில். மிச்ச நாட்களில் கூலி தருகிற வேலை எதையாவது பார்த்துக்கொள்ளலாம்.